ஏஐ கீறிய படத்தை விற்கலாமா? அதன் பதிப்புரிமை எனக்கு வருமா?

செயலியின் நிபந்தனைகள் தடுக்காவிட்டால் விற்கலாம். பதிப்புரிமை என்று வந்தால்தான் சிக்கல்.

மட்டக்களப்பில் பெனர், நோட்டீஸ் அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஒரு வாழ்த்து பெனர் செய்தேன். குளமும் தாமரையும் ஏஐ கீறியது, கீழே நாலு வரி வாழ்த்துப்பா நானே எழுதினேன் (அது எழுதித் தந்த ‘மாமாங்கம்’ எந்த மொழி என்றே தெரியவில்லை). இரண்டு நாளில் அதே பெனர், என் கடைப் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, வேறொரு கடைக்காரன் அடித்துக் கட்டியிருந்தான். சண்டைக்குப் போனால், “அண்ணே, இது நீங்க கீறின படமா?” என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

மறுகாதான் சட்டத்தைத் தேடினேன். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆக்கியோன் என்றால் அந்த ஆக்கத்தை உருவாக்கிய மனிதர். ஏஐக்குக் கட்டளை தட்டியவரும் அதில் சேர்த்தியா என்று அது பேசவில்லை. 2003இல் யார் இதையெல்லாம் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் தேலர் என்பவர் தன் இயந்திரத்தையே ஆக்கியோனாகக் காட்டிப் படமொன்றைப் பதியக் கேட்டார், 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் முடியாது என்றுவிட்டது. ஆனால் 2023இல் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் விஷயத்தில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: மிட்ஜர்னி என்ற ஏஐ செயலி தந்த படங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, காமிக்ஸைச் செய்தவர் எழுதிய வசனத்துக்கும் படங்களைத் தெரிந்து அடுக்கிய விதத்துக்கும் உண்டு. அங்குள்ள முடிவு இங்கே கட்டுப்படுத்தாது, சரி, ஆனால் அந்தக் கணக்கில் நான் படத்துக்காகப் போட்ட சண்டையை அந்த நாலு வரிக்காகப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. அந்தப் படம் எத்தனை பேர் கீறியதைப் பார்த்துப் பழகியது? ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி திருட்டுப் பிரதிப் புத்தகங்களை இறக்கி வைத்திருந்த வழக்கில் 2025இல் 150 கோடி டொலருக்கு எழுத்தாளர்களோடு சமரசம் செய்தது. பாணிக்குத் தனியாகப் பதிப்புரிமை கிடையாதுதான், ஆனாலும் உயிரோடிருக்கும் ஓவியர் பெயரைச் சொல்லி ‘அவர் மாதிரிக் கீறு’ என்று நான் தட்டுவதில்லை. நாளைக்கு அவர் கடைக்கு வந்தால் எந்த முகத்தோடு தேத்தண்ணி கொடுப்பது?

விற்கும்போது ஏஐ படம் என்று முதலே சொல்லிவிடுங்கள். லோகோ கேட்டால் மட்டும் கையால் கீறுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் கொப்பி அடித்தால் பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கஷ்டம் (வர்த்தகக் குறியாகப் பதிவது வேறு கதை). நான் அப்படித்தான் சொல்கிறேன். கைவேலைக்கு விலை கூட என்றதும் பாதிப் பேர் ஏஐயே போதும் என்கிறார்கள்.