கட்டுரையை யார் கையில் கொடுத்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து மலைப்பூண்டு பற்றி நான் எழுதிய கட்டுரை ஓர் இணைய இதழில் வந்து மூன்று வாரம் ஆகிறது. சுட்டியைக் கீழே தந்திருக்கிறேன். வந்த அன்றே எனக்குத் தெரிந்த வாட்ஸ்ஆப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன்: கல்லூரித் தோழிகள், இலக்கிய வட்டம், இயற்கை ஆர்வலர்கள், ஃபேஸ்புக் வேறு. முதல் இரண்டு நாள் நிறைய ‘சூப்பர்’, நிறைய கைகூப்பல். அப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் அலைந்து எழுதியது இரண்டே நாளில் செத்துப்போவதா? வெளிவந்த பிறகு வரும் வாரங்களில் எழுதியவர் என்னதான் செய்ய வேண்டும்? திரும்பத் திரும்பப் பகிர்ந்தால் அசிங்கமாகத் தெரியுமா? பணம் கட்டி பூஸ்ட் பண்ணு என்கிறார் ஒரு நண்பர். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள்?

ம., பெருமாள்மலை

அன்புள்ள ம.,

வெளியான கட்டுரையை எப்படி ஓட வைப்பது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடக் காரணம் அந்த அடுப்படிப் பத்தி. அடுப்புக்கு மேலே கழியில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் விதைப்பூண்டு, புகை ஏறிக் கருத்த தோல், பாட்டி ஒரு கொத்தைக் கழற்றிக் கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெளுத்து வரும் பல், விரலில் ஒட்டிய கரியை அவர் சேலையில் துடைக்காமல் அடுப்புத் திண்டில் தேய்ப்பது. அந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்து எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கலாம். உங்களுக்கு எழுத வருகிறது. அதனால்தான் திட்டப்போகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். கிழமை, நேரம் பார்ப்பதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட் வேண்டாம். காசு கொடுத்துக் கூப்பிட்ட கூட்டம் விரலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். திரும்பப் பகிர்வதில் ஒரு அசிங்கமும் இல்லை. ‘என் கட்டுரை, படியுங்கள்’ என்று அதே வரியோடு பகிர்வதுதான் அசிங்கம். ஒரு வாரம் அடுப்படிப் பத்தியைப் போடுங்கள், இன்னொரு வாரம் விலை பற்றி எழுதியதைப் போடுங்கள். மலைப்பூண்டுக்கு வருஷத்தில் இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம், உண்டு. நடவுக்கு முன்னால் விதைப்பூண்டுக்கு ஆள் அலைகிற வாரங்களில் விதை பற்றிய பகுதியை எடுத்துப் போடுங்கள். வெளியான தேதி ஒன்றுதான். படிக்க வேண்டிய தேதி வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும். அப்புறம் அந்தத் தலைப்பு. ‘புகையின் புதல்விகள்’. அம்மா தாயே, பூண்டு பற்றித் தேடுகிற எவன் இதைத் தட்டச்சு செய்வான்? மலைப்பூண்டு, பூம்பாறை இரண்டும் தலைப்பில் இருக்கட்டும். புதல்விகளை உள்ளே எங்காவது குடிவையுங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டியிடம் கட்டுரையைக் கொடுத்தீர்களா?

கடிதத்தில் யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். தோழிகள், இலக்கியவாதிகள், ஆர்வலர்கள். பூண்டு போடுகிறவர் ஒருவர்கூட இல்லை. பூண்டு வாங்குகிறவர் இல்லை. அலைந்த மாதங்களில் உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரர்கள் இல்லை. வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் நீங்கள் யாருக்கு அனுப்பினாலும், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பூம்பாறையில் எத்தனை போனில் உங்கள் பெயர் இருக்கிறது? அதுதான் உங்கள் கட்டுரையின் நிலவரம். கைகூப்பல் கணக்கை விடுங்கள்.

மதுரைப் பக்கமிருந்து கொடைக்கானல் வருகிற பஸ் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் மலையேறும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா அந்த ஊர்க்காரர். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ என்ற இலக்கியப் பத்திரிகையை நடத்தியவர், புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். இதைத் தியாகக் கதையாகச் சொல்லி எல்லோரும் மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு அதில் தியாகத்தைவிட சாமர்த்தியம்தான் தெரிகிறது. அந்தப் புத்தகம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர் அங்கே போனார், அவ்வளவுதான்.

இன்னும் மேலே போனால் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தின் புல்லட்டினில் எழுதினார். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அன்றைக்கு உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸில் அடங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் செயின்ட் ஜான் அதே ஓட்டத்தை விரிவாக அளந்து 1913இல் எழுதினார். இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே ஒப்பாரி வைக்கிறீர்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால், வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துப் பக்கம் பொதிக்குதிரை ஓட்டும் ஒருவரோடு மலைப்பாதையில் நடந்து அதை எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். பெரியகுளத்தில் ஒரு டீக்கடையில் பிடித்தேன். அவருக்குப் படிக்க வராது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பையனே வாங்கிச் சத்தமாகப் படித்தான். குதிரையின் இரண்டு பக்கமும் பொதி சமமாக இருக்கிறதா என்று அவர் கயிற்றை இழுத்துப் பார்க்கிற இடம் வந்ததும், கேட்டுக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் கையை அப்படியே இழுத்துக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முடிந்ததும் பாராட்டு வரும் என்று நான் நெளிந்துகொண்டு நின்றேன். அவர் கேட்டது இதுதான்: “சார், இது இன்னும் அஞ்சாறு கிடைக்குமா?”

எதற்கு என்றேன். விரல் விட்டார். கூலியைக் குறைக்கிற மளிகைக் கடைக்காரருக்கு ஒன்று. மலையில் அந்த வேலை என்னவென்று தெரியாத மருமகனுக்கு ஒன்று. பாதை கேட்டு எழுதுகிற மனுவோடு சேர்த்துக் கொடுக்க ஒன்று. ஒவ்வொரு நகலுக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காரணம்! நான் பத்திரிகை ஆசிரியருக்கும் நாலு எழுத்தாளர்களுக்கும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருந்தவன். மனுவோடு என் கட்டுரையைக் குண்டூசி குத்திக் கொடுத்தார்கள். ஓர் அலுவலகத்தில் அதைக் கவரோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள், வழக்கம்போல. ஆனால் அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எழுத்தெல்லாம் பூஞ்சை பிடித்த மாதிரி மங்கிப்போய், பின்னால் எனக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர், “இத நீங்க படிச்சுப் பாக்கணும் சார்” என்று நீட்டினார். பெயர் இருந்த முதல் பக்கம் எங்கோ கழன்று போயிருந்தது.

(அந்த நாளில் எனக்குக் கிடைத்த கர்வத்தை எந்தப் பரிசும் தரவில்லை. தரப்போவதும் இல்லை, அது வேறு புலம்பல்.)

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். கட்டுரையைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுங்கள். பூம்பாறைக்குப் போங்கள். பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் குறுக்கே பேசுவதைத் தடுக்காமல் போனில் பதிந்துகொள்ளுங்கள். மேல்மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடையாது, சுட்டி அனுப்பிப் பயனில்லை. குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் ஒரு பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். கோடை பண்பலை வானொலிக்கு ஒரு பக்கமாகச் சுருக்கி அனுப்புங்கள். 100.5இல் ஒருவர் வாசித்தால் அடுப்படி வரைக்கும் போகும், உங்கள் இலக்கிய வட்டம் போகாத இடம் அது.

முக்கியமாக வடுகபட்டி. மலையிலிருந்து இறங்கும் பூண்டுக்கு அதுதான் சந்தை. உங்கள் கட்டுரையில் 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாக எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிட்டீர்கள். அதனால் மூட்டைக்கு ஒரு ரூபாயாவது கூடியதா? வெளியூர்ப் பூண்டைக் கலந்து கொடைப்பூண்டு என்று விற்றால் வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? இதற்கு விடை ஃபேஸ்புக்கில் இல்லை. தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கமிஷன் கடைக்காரரிடம் இருக்கிறது. கட்டுரையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். எந்த வரியில் சிரிக்கிறார், எந்த வரியில் “யாரும்மா உனக்கு இதச் சொன்னது” என்கிறார் என்று பாருங்கள். வந்து அதை அந்தக் கட்டுரைக்குக் கீழேயே தேதி போட்டுச் சேர்த்துவிட்டு, அப்புறம் உங்கள் குழுக்களில் மறுபடி போடுங்கள். அப்போது பகிர உங்களிடம் புதிதாக ஒரு விஷயம் இருக்கும். கூச்சமும் இருக்காது.

பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து பெரியகுளம் பஸ். வடுகபட்டி பக்கம்தான். பூஸ்டுக்கு எடுத்து வைத்த காசு பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போக மிஞ்சும். சந்தை நாள் எது என்று விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் போனால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. கடைக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். திட்டினால் திட்டையும் அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்.