லிஃப்ட் போட்ட வண்டிக்கு எவ்வளவு பெரிய டயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயரைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என்னிடம் இருப்பது 2021 மஹிந்திரா தார் டீசல், 16 அங்குல ரிம். வண்டியை உயர்த்த 2 அங்குலம் லிஃப்ட் கிட் போட்டிருக்கிறேன். இப்போது பழைய 245/75 ஆர் 16 டயரோடு பார்த்தால் வீல் ஆர்ச்சுக்குள் காலியாகத் தெரிகிறது. கடைக்காரர் 285/75 ஆர் 16 மட் டயர் போடச் சொல்கிறார், "லிஃப்ட் போட்டாச்சு, இடிக்காது" என்கிறார். வாரம் ஐந்து நாள் கோவைக்குள் ஆபீஸ், மாதம் ஒரு தடவை வால்பாறை, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களோடு கரடுமுரடான பாதை. போடலாமா சார்? (வாசகர், கோவை)

முதலில் எண்ணைப் பிரித்துப் படிப்போம், கடையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம், அதாவது சுமார் 184 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 406 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே ரிம், கூட்டினால் 774 மி.மீ. வருகிறது. 285/75 ஆர் 16-க்கு இதே கணக்கில் 834. வித்தியாசம் 60 மி.மீ., ஆனால் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) உயர்வது அதில் பாதி, 30 மி.மீ. தான். மீதி 30 மேலே ஆர்ச்சுக்குள் போய் நிற்கிறது.

ஆக்சில் உயரும் அந்த 30 மி.மீ.யை நான் குறைத்துச் சொல்லவில்லை. லிஃப்ட் கிட் தூக்குவது சேஸிஸையும் பாடியையும். தாரின் பின்பக்கம் இருப்பது முழு ஆக்சில். அதன் நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் கூடு (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) சக்கரத்தோடு சேர்ந்தது, நீங்கள் 2 அங்குலம் போட்டாலும் 4 அங்குலம் போட்டாலும் அது தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. ஆகவே பெரிய டயர் கேட்பவர்கள் எல்லாம் அழகுக்காகக் கேட்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் "லிஃப்ட் போட்டாச்சு, இடிக்காது" என்பது தவறு. லிஃப்ட் கிட் மாற்றுவது வண்டி சும்மா நிற்கும்போது இருக்கிற உயரத்தை. சக்கரம் பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது அது எங்கே போய் முட்டி நிற்கும் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை. அதை மாற்றாவிட்டால் லிஃப்டுக்கு முன்னால் எவ்வளவு மேலே ஏறியதோ அதே இடத்துக்குத்தான் சக்கரம் ஏறும், இப்போது 30 மி.மீ. பெரிய டயரோடு. நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய வண்டியில் லிஃப்ட் போட்டு, பெரிய டயர் மாட்டி, கடை வாசலிலேயே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை. பத்து நாள் கழித்துக் கொல்லிமலை போனோம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு, நான்கு பேர், சாமான், இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடித்துக்கொண்டே திருப்பும்போது முன் இடது பக்கம் ஒரு குழியில் இறங்கியது, "கரக்" என்று ஒரு சத்தம். கீழே வந்து பார்த்தால் உட்பக்கத் தகட்டின் விளிம்பு பக்கச்சுவரைச் சீவி, உள்ளே நூல் தெரிகிறது. தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம், பக்கச்சுவரில் வெட்டு விழுந்தால் அந்த டயர் அவ்வளவுதான். மலைப்பாதை நடுவே அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் எந்தப் பெரிய டயராக இருந்தாலும், முன் சக்கரம் ஒன்றையும் அதற்கு எதிர் மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் திண்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சமதளத்தில் பார்ப்பது சோதனையே இல்லை.

இன்னும் இருக்கிறது. டயர் விட்டம் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும்போது எல்லா கியரும் அவ்வளவு நீளமாகிவிடுகின்றன, அதாவது ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், இழுவை குறையும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, இதுவரை இரண்டாவது கியரில் இழுத்த இடங்களில் சிலவற்றில் இனி முதல் கியர் கேட்கும். வெளிநாடுகளில் இதற்காகவே டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் பினியன் என்ற பற்சக்கர ஜோடியின் விகிதத்தை மாற்றிவிடுகிறார்கள், அது தனிச் செலவு. டயர் ஒவ்வொன்றும் 8 கிலோ அளவுக்குக் கனம் கூடலாம், அதுவும் சுழலுகிற கனம், வெளி விளிம்பில் இருக்கிற கனம், பிரேக் அத்தனையையும் நிறுத்த வேண்டும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் கதவின் கீல்களும் தாங்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 108 அருகே போய்க்கொண்டிருப்பீர்கள் (மீட்டரில் கம்பெனி ஏற்கெனவே கொஞ்சம் கூட்டி வைத்திருப்பது தனி). ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பாதியாகிவிட்டது" என்று புலம்புகிறவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. மைலேஜ் குறைவது உண்மை, ஆனால் அவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

ரிம்மையும் பாருங்கள். 285/75 டயருக்கு 7.5 அங்குல அகலமாவது வேண்டும். 7 அங்குல ரிம்மாக இருந்தால் 265-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்புறம் மட் டயர். பெரிய பெரிய கட்டைகள், நடுவே அகலமான இடைவெளி, சேற்றில் அதுதான் ராஜா. ஆனால் நனைந்த தார்ச்சாலையில் ரப்பர் தரையைத் தொடும் பரப்பும் குறைவு, தண்ணீரைக் கிழிக்கும் மெல்லிய கீற்றுகளும் குறைவு. வால்பாறையில் பெய்கிற மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது நாள் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு மட் டயர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து அந்த டிஃபரன்ஷியல் கூட்டைப் பாருங்கள். அதன் அடியில் கல் கீறிய தடம் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் போகிற பாதைக்கு இப்போதிருக்கும் உயரமே போதும், 245/75-லேயே சாலைக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெயின் டயராக வாங்கி, மிச்சக் காசில் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர் வாங்குங்கள். கீறல் நிறைய இருந்தால் 265/75 ஆர் 16-ஐப் பற்றி யோசிக்கலாம். அது 804 மி.மீ., ஆக்சில் 15 மி.மீ. உயரும், கியரும் பிரேக்கும் நான்கு சதவீதத்துக்குள் சமாளித்துவிடும். அதை வாங்குவதற்கு முன் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள், ஒல்லியான டயரில், தினமும், அந்தக் கல் பாதையில் ஏறி இறங்குகின்றன. ஓட்டுபவருக்குப் பாதையில் ஒவ்வொரு கல்லும் தெரியும், வேகம் நடை வேகம்தான்.

பெரிய டயர் போட்டால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (வாசகர், மதுரை)

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவுகளுக்குள் இருந்தால் கவலை இல்லை. வெளியே போனால், லிஃப்டோ டயரோ, சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், விபத்து நடந்தால் இழப்பீட்டில் கேள்வி எழுப்ப இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது ஒரு காரணம். மாட்டிக் கொடுத்த கடைக்காரர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். ஃபெண்டருக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும், பின்னால் வருகிறவர் கண்ணாடியில் கல்லையும் அடிக்கும்.

இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன், 255/60 ஆர் 18. உர மூட்டை, பம்புசெட் சாமான் எல்லாம் ஏற்றிக் கரிசல் காட்டுக்குள் போக வேண்டும். மழை விழுந்தால் டயர் முழுக்க மண் அப்பி உருண்டையாகிவிடுகிறது. என்ன டயர் போடலாம் அண்ணே? (வாசகர், கோவில்பட்டி)

கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். செம்மண் சேறு வழுக்கும், ஆனால் கீழே பெரும்பாலும் கெட்டித் தரை இருக்கும், ஒல்லியான டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அந்தத் தரையைப் பிடித்துவிடும். ஈரக் கரிசலில் அப்படி நம்பிப் போக முடியாது, ஆழம்வரை களிதான், ஒட்டியது விடாது. ஆல் டெரெயின் டயரின் நெருக்கமான பட்டனுக்குள் அது புகுந்துவிட்டால் அப்புறம் நீங்கள் ஓட்டுவது மண் உருண்டையை. உங்களுக்கு மட் டயர் நியாயமான தேர்வு. அகலமான இடைவெளியிலிருந்து, சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழலும்போது, மண் தானே எகிறி விழும்.

ஆனால் சுமை ஏற்றுகிறவர் அளவைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு வரும் எண். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250, 121 என்றால் 1450. கூடவே வரும் எழுத்து வேகத்துக்கு, க்யூ என்றால் மணிக்கு 160 கி.மீ., எஸ் என்றால் 180. வண்டியோடு வந்த டயரில் இருக்கும் எண்ணுக்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அழகாக இருந்தாலும். இன்னொன்று, ஸ்டெப்னி உங்கள் வண்டியில் அடியில் தொங்குகிறது. பெரிய டயர் அங்கே நுழையாவிட்டால் மூட்டை வைக்கும் இடத்தில்தான் போட வேண்டியிருக்கும்.

மழை பெய்து ஊறிய மறுநாளே உள்ளே இறக்க வேண்டாம் தம்பி. நல்ல வெயில் அடித்து மேல்மண் இறுகட்டும்.

என்னுடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப். தோட்டத்துப் பாதையில் பின் சக்கரம்தான் சுழன்றுவிடுகிறது. செலவைப் பார்த்து, பின்னால் இரண்டை மட்டும் பெரிதாகப் போடலாமா? (வாசகர், ஹட்டன்)

கூடாது. ஃபோர் வீல் போட்டதும் உங்கள் வண்டியில் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. பின் டயர் பெரிது, முன் டயர் சிறிது என்றால் ஒரு சுற்றில் பின்பக்கம் அதிக தூரம் போகப் பார்க்கும், முன்பக்கம் குறைவாகப் போகப் பார்க்கும். அந்த இழுபறி முழுவதும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட் ஜாயின்ட்டிலும் முறுக்காக ஏறும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கும்போதே காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் வண்டி பிடித்து இழுப்பது இதனால்தான். நான்கையும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் வையுங்கள். இப்போதைக்குக் கையில் காசு இல்லையென்றால் இருக்கிற டயரில் காற்றை இறக்கி ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். எப்படி என்பது அடுத்த பதிலில்.

சாத்தான்குளம் பக்கம் தேரியில் எங்களுக்குப் பனையும் முந்திரியும் இருக்கிறது. மணலில் தார் புதைந்து இரண்டு தடவை டிராக்டர் வைத்து இழுத்தோம். 33 அங்குல விட்டமுள்ள டயர் போட்டால் புதையாதா? (வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

உங்கள் வண்டியில் இப்போது எத்தனை காற்று இருக்கிறது, சகோதரி? 32 பாயின்ட் (பி.எஸ்.ஐ.) வைத்துக்கொண்டு தேரிச் செம்மணலில் இறங்கினால் 33 அங்குலமும் புதையும். அதையே 18-க்கு இறக்கிவிட்டால் டயர் தளர்ந்து தரையைத் தொடும் தடம் நீளமாகும், அதே எடை அதிகப் பரப்பில் பரவும், வண்டி மணல்மேல் மிதந்தபடி போகும். அகலம் கூடுவதைவிட நீளம் கூடுவதுதான் உதவுகிறது. ஐஸ்லாந்தில் பனிமேல் 38 அங்குல டயர் போட்டு ஓட்டுகிறவர்கள்கூட காற்றை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கித்தான் போகிறார்கள்.

15-க்குக் கீழே போகாதீர்கள், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று இறக்கிய பிறகு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், சடாரென்று திருப்ப வேண்டாம். புதையத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். மட் டயர் என்றால் இன்னும் கவனம், அந்தக் கட்டைகள் மண்வெட்டி மாதிரி தோண்டி ஆக்சில்வரை இறக்கிவிடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி 32 அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் கிழிந்துவிடும். அதற்குத்தான் பேட்டரியில் மாட்டுகிற கம்ப்ரஸர், வண்டியிலேயே கிடக்கட்டும்.

வெளிநாட்டு மட் டயர் ஒரு செட் பாதி விலைக்கு வருகிறது, புதியது என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சேலம்)

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பழைய சரக்கு நிறையப் பேரிடம் தங்கிப்போனது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயரில் அந்த நான்கு எண்கள் ஒரு பக்கம்தான் இருக்கும், உருட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் பட்டன் முழுசாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். நான்கு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஸ்டெப்னிக்கு என்று கொடுக்கும் ஐந்தாவதிலும்.