மகன் சொல்வதும் சரி, மகள் சொல்வதும் சரி

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு, அங்கிருந்தே நியூயார்க்கில் உள்ள மகளிடம் போக எண்ணியிருக்கிறோம். தூரம் 15,300 கிலோமீட்டர் என்கிறான் மகன். விமானம் 16,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்கிறாள் மகள். பயணச்சீட்டிலோ மதியம் கிளம்பி அன்று மாலையே இறங்குவதாகப் போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி ஒருவர், பெருந்துறை

பதில்: மூன்றையுமே நம்பலாம். பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை வீட்டில் இருந்தால், கோன் நூலில் ஒரு முழம் அறுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் பெருங்கடலைத் தொடாமல் வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். இரண்டு நகரங்களும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதே காரணம். அந்த நூலின் நீளம்தான் உங்கள் மகன் சொல்லும் கணக்கு.

ஆனால் விமானி நூல் பிடித்துப் போவதில்லை. காற்றைப் பார்த்துப் போகிறார். ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மொபெட்டில் போகிறவர் எதிர்க்காற்றில் படும் பாட்டையும், திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதையும் நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அதைப் போலவே, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதைப் பிடிப்பதற்காக விமானம் பசிபிக் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனாலும், எரிபொருளிலும் நேரத்திலும் அதுவே ஆதாயமாகிறது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மீண்டும் கிழக்கு நோக்கியே வருகிற நாட்களும் உண்டு. அப்படி வந்தால் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியவராகிறீர்கள்.

பறக்கும் நேரம் எப்படியும் பதினெட்டரை மணிக்கு முன்பின்னாக இருக்கும். கோடையில் நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிடச் சரியாக 12 மணி பின்தங்கியது. மதியம் 12க்குக் கிளம்பினால் சிங்கப்பூர்க் கணக்கில் மறுநாள் காலை ஆறரைக்கு இறங்குவீர்கள். நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் மாலை ஆறரை. முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் திருப்பவே வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி ஆகிவிடும். திரும்பும்போது இந்த லாபத்தை அப்படியே கொடுத்துவிட வேண்டும்: வெள்ளி இரவு 10க்குக் கிளம்பினால் ஞாயிறு அதிகாலையில்தான் சிங்கப்பூர்.

ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் விடும் நீள்தூர ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஆட்கள் 161 பேர்தான். சாதாரண வகுப்பு கிடையாது. கட்டணத்தை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கோவையிலிருந்து நியூயார்க்குக்குச் சிங்கப்பூர் வழி நல்லதா?
– ஏற்றுமதியாளர் ஒருவர், திருப்பூர்

பதில்: சிங்கப்பூரில் வேலை இருந்தால் மட்டுமே. கோவை–சிங்கப்பூர் ஏறக்குறைய 3,150 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். அதன்மேல் முன்சொன்ன பதினெட்டரை மணி. அபுதாபி வழியாகப் போனால் மொத்தமே சுமார் 14,000 கிலோமீட்டர்தான். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு யாராவது அவிநாசி சுற்றிப் போவார்களா?