வெளிநாட்டுல மெட்டல் இல்லாத பல் கேப்

கேள்வி: டாக்டர், எனக்கு நிக்கல் அலர்ஜி, சாதா கம்மல் போட்டாலே காது புண்ணாயிடும். இப்ப வேலைக்காக வெளிநாட்டுல இருக்கேன், கடவாய்ப் பல்லுக்கு கேப் போடணும்ங்கறாங்க. மெட்டலே இல்லாம போடுற டென்டிஸ்ட்டை எப்படித் தேடுறது?

பதில்: தேடுறது பெரிய கஷ்டமில்லம்மா, ஏமாறாம இருக்கறதுதான் கஷ்டம். "செராமிக் கேப்"னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க, ஏன்னா வெளியில பல் கலர்ல இருந்தாலும் உள்ள மெட்டல் வச்ச பிஎஃப்எம் கேப்பையும் பல பேரு அப்படித்தான் சொல்றாங்க, அந்த மெட்டல்ல நிக்கல் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சிலருக்கு ஈறு ஓரத்துல கருப்பா ஒரு கோடு தெரியும் பாருங்க, பெரும்பாலும் அது இந்த வகைதான். அதனால "முழு ஜிர்கோனியாவா, லித்தியம் டைசிலிக்கேட்டா"ன்னு நேராவே கேளுங்க, ரெண்டுமே உள்ள மெட்டல் இல்லாத செராமிக் வகைதான். கடவாய்க்கு என் ஓட்டு ஜிர்கோனியாவுக்கு, கடிக்கிற அழுத்தத்தை நல்லா தாங்கும். ஜிர்கோனியம் உலோகமாச்சேன்னு யாராவது பயமுறுத்துவாங்க, கேப்ல இருக்கறது அதோட ஆக்சைடு, செராமிக்தான்.

பேட்ச் டெஸ்ட் (தோல்ல ஒட்டிப் பாக்குற அலர்ஜி டெஸ்ட்) ரிப்போர்ட், எக்ஸ்ரே ரெண்டையும் முன்னாடியே மெயில்ல அனுப்பி, மெட்டீரியல் பேரை எஸ்டிமேட்ல எழுதித் தரச் சொல்லுங்க. மழுப்புனா அடுத்த கிளினிக்.

ஃபில்லிங்னா, ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரி 1லேர்ந்து சில விதிவிலக்கு தவிர அமால்கம், அதாவது பாதரசம் கலந்த வெள்ளி ஃபில்லிங் வைக்கத் தடை, அங்க பல் கலர்ல இருக்கற காம்போசிட் ஃபில்லிங் சாதாரணமா கிடைக்கும். மெட்டல்-ஃப்ரீன்னு போர்டு வச்சவங்க சிலர் நல்லா இருக்கற பழைய வெள்ளி ஃபில்லிங்கையும் எடுத்துடலாம்பாங்க, காரணமில்லாம ஒத்துக்காதீங்க, தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமா வரும்.