உயராத சம்பளமும் உறையாத உரிமைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வவுனியா நகரிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் ஏழு ஆண்டுகளாகத் தாதியாகப் பணிபுரிகிறேன். நாளாந்தம் நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். சென்ற ஆண்டைப் போலவே இவ்வாண்டும் எவருக்கும் சம்பள உயர்வு இல்லை என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. காரணம் கேட்டால், பணவீக்கம்தான் இப்போது குறைந்துவிட்டதே என்கிறார்கள். சம்பளத் துண்டில் அடிப்படைச் சம்பளம் 31,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 14,000 ரூபா என்று இருக்கிறது. கணவருக்கு நிரந்தரத் தொழில் இல்லை. வேலையை விடவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் தவிக்கிறேன். நான் என்ன செய்யலாம்?
– ஒரு தாதி, வவுனியா வடக்கு

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தப் பணவீக்கக் கதையைப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. பின்னர் அது இறங்கியது என்றால், விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். அந்த ஓராண்டில் ஏறிய விலைகளிற் பெரும்பாலானவை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே, பணவீக்கம் குறைந்துவிட்டது, உயர்வு தேவையில்லை என்ற வாதத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

அடுத்து, நிர்வாகம் எதை நிறுத்தியிருக்கிறது, எதை நிறுத்த முடியாது என்பதைப் பிரித்தறிய வேண்டும். வருடாந்த உயர்வு உங்கள் நியமனக் கடிதத்திலோ கூட்டு ஒப்பந்தமொன்றிலோ எழுதப்பட்டிராவிட்டால், சட்டம் வகுத்த குறைந்தபட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்தை உயர்த்தும்படி அவர்களைக் கட்டாயப்படுத்துவது கடினம். எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அதனால் அந்தக் கடிதத்தைத் தேடியெடுத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். நம்மவர்களிற் பலர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

சட்டத்தால் விதிக்கப்பட்டவற்றை எந்த நிர்வாகமும் நிறுத்திவைக்க முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 சதவீதத்தை அவர்களே செலுத்த வேண்டும். உங்களிடமிருந்து அதற்காக ஒரு சதமும் கழிக்கக் கூடாது. சேமலாப நிதிக்கான கணக்கில் அடிப்படைச் சம்பளம் மட்டுமல்லாமல் வாழ்க்கைச் செலவுப் படியும் உணவுப் படியும் விடுமுறைக்கான கொடுப்பனவும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டு, சிறிய தொகைக்கு மட்டும் நிதி கட்டும் வழக்கம் தனியார் துறையில் உண்டு என்பதாற்றான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் நிதி 31,000 ரூபாவுக்கு மட்டும் கட்டப்படுகிறதென்றால், எஞ்சிய 14,000 ரூபாவுக்குரிய தொழில்தருநர் பங்காகிய 1,680 ரூபாவை ஒவ்வொரு மாதமும் இழக்கிறீர்கள். ஆண்டொன்றுக்கு அது 20,160 ரூபா. கேட்டுக் கிடைக்காத உயர்வைவிட, கேட்காமலே கைவிட்டுப் போகும் இந்தத் தொகை பெரிதாகவும் இருக்கக்கூடும். சம்பளத் துண்டில் கழிக்கப்பட்ட தொகையையும் நிதிக் கணக்கின் மீதிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவு தெரிந்தால் வவுனியாவிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தாமதமாகக் கட்டப்படும் நிதிக்குத் தொழில்தருநர் மேலதிகக் கட்டணமும் செலுத்த நேரும்.

பணிக்கொடையும் இதே கணக்கைச் சார்ந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்தவருக்கு, கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தில் அரைவாசி ஒவ்வோர் ஆண்டுக்கும் உரியது. தாமாகவே விலகினாலும் அது கிடைக்கும். வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்தால் உங்கள் ஏழு ஆண்டுகளுக்கு 157,500 ரூபா வரும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணித்தால் 108,500 ரூபாதான். வேலையை விடுவதா என்று யோசிக்கும்போது இந்த இரண்டு எண்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைசிச் சம்பளமே அளவுகோல் என்பதால், சம்பளம் உறைந்திருக்கும் காலம் நீள நீள, பின்னாளில் வரவேண்டிய இந்தத் தொகையும் சேர்ந்தே தேங்குகிறது.

நிர்வாகத்துடன் பேசுவதற்கு உங்களிடம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நேற்றுச் சேர்ந்த உதவியாளருக்கும் சட்டம் 30,000 ரூபாவை உறுதிப்படுத்துகிறது. ஏழு ஆண்டு அனுபவமுள்ள தாதியின் அடிப்படைச் சம்பளம் அதைவிட ஆயிரம் ரூபா மட்டுமே அதிகம். இதனைத் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். விடுதியில் பணிபுரியும் தாதியர் அனைவரும் ஒப்பமிட்ட, மரியாதையான, திகதியிட்ட ஒரு கடிதமாகக் கொடுத்து, பிரதியொன்றில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் வாங்குங்கள். சம்பளத்தை எப்போது மீளாய்வு செய்வார்கள் என்ற திகதியை எழுத்தில் கேளுங்கள். அதுவரை இரவுக் கடமைக்கு வாகன வசதி, கடமை நேர உணவு, ஒரு மாதம் முன்கூட்டிய கடமைப் பட்டியல் ஆகியவற்றைக் கோரலாம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் நெடுங்கேணிக்கு முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டிய உங்களுக்கு, முதலாவது வசதியே ஒரு சம்பள உயர்வுக்குச் சமமாகலாம். தொழிற்சங்கமொன்றைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஆனால் சிறிய நகரமொன்றில் அதன் விளைவுகளைத் தாங்கப் போகிறவர்கள் நீங்கள்தான் என்பதால், அந்த முடிவை நான் உங்கள் சார்பில் எடுக்க மாட்டேன்.

இரவில் இன்னொரு கிளினிக்கில் வேலை செய்து குறையை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். மாதத்தில் சில நாட்கள் என்றால் சரி. தொடர்ச்சியாக இரண்டு கடமைகளைச் செய்துவிட்டு மருந்தளவு கணிக்கும் தாதி நோயாளிக்கும் ஆபத்து, தன் தொழிலுக்கும் ஆபத்து.

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் அரச வைத்தியசாலையொன்றில் சுகாதார உதவியாளராக இருக்கிறேன். 15,750 ரூபா கூடியது என்று ஊரெல்லாம் பேச்சு. கடைக்காரர் முதல் மாமியார் வரை என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். கைக்கு வந்ததோ அதில் பாதிகூட இல்லை. எங்கே போனது?
– ஒரு சுகாதார உதவியாளர், முல்லைத்தீவு

பதில்: எவரும் களவெடுக்கவில்லை, தம்பி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கப்பட்டது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே பெற்றுவந்த 7,500 ரூபா இடைக்காலப் படிகள் அதற்குள் சேர்க்கப்பட்டதால் உண்மையான உயர்வு 8,250 ரூபா. அதுவும் ஒரே தடவையில் அல்ல: 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவும் எஞ்சியதில் 30 சதவீதமும், அதாவது 5,975 ரூபா, மீதி 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் என்று பகுதி பகுதியாக வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. இதை ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் காட்டுங்கள். ஆகக் குறைந்த வருடாந்தச் சம்பள ஏற்றம் 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவானதும் இதே திட்டத்தில்தான். மேலதிக நேரக் கொடுப்பனவு எந்த அடிப்படையில் கணிக்கப்படுகிறது என்பதை உங்கள் வைத்தியசாலையின் சம்பளப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் தாதியரும் ஏனைய சுகாதார ஊழியரும் வீதிக்கு வந்ததற்கு அக்கணிப்பும் ஒரு காரணம்.

கேள்வி: மருந்தகமொன்றில் வேலை செய்கிறேன். ஈராண்டாகச் சம்பளம் கூடவில்லை. மகளின் வகுப்புக் கட்டணத்துக்காக வாராந்த நுண்கடன் எடுக்கலாமா?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: எடுக்காதீர்கள், அம்மா. கூடாத மாதச் சம்பளத்திலிருந்து வாரந்தோறும் தவணை கட்டுவது நடைமுறையில் இன்னொரு கடனில்தான் முடியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களிலிருந்து பெண்களை விடுவிக்க அரசாங்கமே தலையிட நேர்ந்தது வன்னி மக்களுக்குத் தெரியாததல்ல. முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசி, கட்டணத்தைச் சம்பள நாளுக்குத் தள்ளி வையுங்கள். சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே கேளுங்கள். வேறு வழியே இல்லையென்றால் சிறிய நகையொன்றை வங்கியில் அடகு வைக்கலாம். மீட்க வேண்டிய திகதியை அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.