காடு என்று பெயர், மரம் எங்கே?

வணக்கம் சார்,

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் (கல்லாகிப்போன காடு) தேசியப் பூங்கா பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் குடும்பத்தோடு போனோம். நாலைந்து இடத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தோம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காடு என்கிறார்கள், நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் முழுக்க நடந்ததாக எழுதியிருந்தீர்கள். நடக்க அங்கே என்ன இருக்கிறது? இன்னொன்று, என் பையன் விரல்நக அளவு கல்சில்லு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். தபாலில் திருப்பி அனுப்பலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கிராண்ட் கேன்யனுக்கு மறுநாள் எதைப் பார்த்தாலும் சப்பென்றுதான் இருக்கும். அது விளிம்பில் நின்று பார்த்தாலே மிரள வைக்கிற இடம். இந்தப் பூங்கா மேலேயிருந்து பார்த்தால் வெறும் பொட்டல். வடக்கு வாசலிலிருந்து தெற்கு வாசல் வரை சுமார் 28 மைல் சாலையைக் காரிலேயே முடித்துவிட்டு ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

மரம் நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அங்கே வளர்ந்தவையே அல்ல. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து வண்டலில் புதைத்தவை. கூடவே படிந்த எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா என்ற தாது மரத்துக்குள் ஊறி, குவார்ட்ஸ் என்கிற கல்லாக இறுகிவிட்டது.

அடுத்த முறை பூங்காவுக்குள் ப்ளூ மேசா என்ற இடத்தில் இறங்குங்கள். நடைபாதைச் சுற்று ஒரு மைல்தான், ஆனால் அதிலேயே பாதிக் காலை போய்விடும். எடுத்தவுடன் செங்குத்தான இறக்கம். பிறகு இருபுறமும் சாம்பலும் நீலமும் ஊதாவுமாகப் பட்டை போட்ட மண்மேடுகள். கிட்டே குனிந்து பாருங்கள், மேல்மண் பொரிந்து பொரிந்து கிடக்கும். அது பென்டோனைட் களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழைக்கு மழை கரைந்து வழிவதால் செடி வேர்பிடிப்பது அபூர்வம். உள்ளே புதைந்த மரத்துண்டு மெல்லத் தலைகாட்டி, அடிமண் அரித்ததும் உருண்டு விழும். சில துண்டுகள் மட்டும் தமக்குக் கீழுள்ள மண்ணை மழையிலிருந்து மறைத்து, களிமண் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

பூங்காவின் இன்னொரு பகுதியான கிரிஸ்டல் ஃபாரஸ்டில் மரங்கள் ரம்பம் போட்டு அறுத்த மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் வளையாது, நிலம் அசைந்தால் முறியும். பொந்துகளுக்குள் இருந்த செவ்வந்திக்கல்லுக்காக (அமெதிஸ்ட்) 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெடிவைத்தே உடைத்திருக்கிறார்கள். அந்தக் கொள்ளை கண்டு உள்ளூர்க்காரர்கள் போட்ட கூச்சலும் சேர்ந்துதான் 1906இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தேசியப் பூங்கா ஆனது 1962இல்.

மதியத்துக்கு மேல் பூங்காவின் வடக்கே பெயின்டட் டெசர்ட் (வண்ணப் பாலைவனம்) பக்கம் போங்கள். பழைய விடுதிக் கட்டடத்தின் பின்னாலிருந்து ஒரு தடம் கீழே இறங்குகிறது. சமதளம் வந்ததும் தடம் காணாமல் போய்விடும். அதற்கப்புறம் வறண்ட ஓடைதான் வழி. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். தலைக்கு மேல் நிழல் கிடையாது, தண்ணீர் முழுவதையும் நீங்களேதான் சுமக்க வேண்டும். மழை பெய்தால் போகாதீர்கள், அந்தச் செம்மண் சோப்பைப் போல வழுக்கும்.

சரி, கல் விஷயம். அனுப்பலாம். மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. எடுத்த நாளிலிருந்து ஒரே துரதிர்ஷ்டம் என்று புலம்புகிறவர்களும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத கல்லை மறுபடி நிலத்தில் போட்டால் ஆய்வாளர்களைக் குழப்பும். அதனால் அதைத் தனியாக ஒரு குவியலில் சேர்த்துவிடுகிறார்கள். சில்லு எடுப்பதும் சட்டப்படி குற்றம்தான் என்பதைப் பையனிடம் சொல்லுங்கள், ரொம்பத் திட்டாதீர்கள்.

மாலையில் வாசலை அடைத்துவிடுவார்கள், காரோடு தங்க உள்ளே இடமில்லை. அதனால் திறக்கும்போதே போய்விடுங்கள். கோடையில் நியூ மெக்சிகோ பக்கமிருந்து வந்தால் ஒரு மணி நேரம் லாபம். அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைப்பார்கள், பூங்கா இருக்கும் பகுதியில் அந்தப் பழக்கம் இல்லை.