சாவி எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. படிக்கிற காலத்தில் ஒரு நாவலை எடுத்தால் விடிவதற்குள் முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வேலை என்று பதினைந்து வருடமாக அது விட்டே போச்சு. போன தடவை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடி போக 6,300 ரூபாய்க்கு 31 புத்தகம் வாங்கினேன். ஜனவரி முதல் தேதி ‘வருடத்துக்கு 50’ என்று சபதமும் எடுத்தேன். டிசம்பரில் எண்ணினால் முடித்தது 6, பாதியில் நிற்பது 9. ராத்திரி படுத்துக்கொண்டு எடுத்தால் மூன்று பக்கத்தில் தூக்கம் வருகிறது, இல்லையென்றால் கை போனுக்குப் போகிறது. புத்தகங்களை ஹால் ஷோகேஸில் பூட்டி, சாவியை பீரோ லாக்கரில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள். ஏழாவது படிக்கும் மகள்கூட ஒன்றைக் கேட்டாள், இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். வரும் வருடமாவது 50-ஐ எட்ட வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, மதுரை

பதில்: டிசம்பர் கடைசி வாரம் பிறந்தால் இந்தக் கடிதமும் வந்துவிடும். ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், சபதம் மட்டும் மாறாது. ‘இந்த அவசரத்தில் ஆறு படித்ததே பெரிய காரியம்’ என்று ஆறுதல் சொல்ல உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் இருக்கும். அதற்கு நான் எதற்கு?

எனக்குக் கண்ணில் பட்டது அந்தச் சாவி. தூக்கம், போன், வேலை எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, சாவியைப் பேச்சுவாக்கில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஒரு புத்தகம் எடுக்க நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உள் அறைக்குப் போகணும், பீரோவைத் திறக்கணும், லாக்கரைத் திறக்கணும், சாவியோடு ஹாலுக்கு வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளணும். போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த உடம்பு எதைத் தொடும்? நகைக்குச் செய்கிற காவலைப் புத்தகத்துக்குச் செய்தால் புத்தகமும் நகை மாதிரிதான் ஆகும். வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்கு வெளியே வரும்.

சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் ஐந்து விதிகளை வெளியிட்டார். முதல் விதியே ‘புத்தகங்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள். அச்சு வராத காலத்தில் தொடங்கின வழக்கம் அது, ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது, கட்டினார்கள். உங்களிடம் இருப்பது இருநூறு ரூபாய்ப் புத்தகம், அம்மா. கிழிந்தால் அடுத்த திருவிழாவில் இன்னொன்று கிடைக்கும்.

பூட்டினதால் பத்திரமாகவும் இல்லை. காற்று புகாத கண்ணாடிக் கூண்டில், அதுவும் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால், ஈரம் தங்கும். அட்டைப் பசையையும் தாளையும் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு அந்த இருட்டும் ஈரமும்தான் வீடு. கீழ்த்தட்டில் இருக்கிற நாலு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் சுரண்டின மாதிரி தடமும் மிளகுப்பொடி மாதிரி துகளும் இருந்தால் ஏற்கெனவே குடி வந்தாச்சு. திறந்த தட்டுக்கு மாற்றுங்கள், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். நெருக்கித் திணிக்காமல், ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிள்ளைகள் கை போகிற இடத்தில் அந்துருண்டை வேண்டாம். நிழலில் காயவைத்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள். கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளடித்து எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பைண்டிங் கடையில் கொடுங்கள்.

இப்போது மகள். பன்னிரண்டு வயதுப் பெண் தானாக வந்து ஒரு புத்தகம் கேட்கிறாள், அம்மா இல்லை என்கிறாள். அதே அம்மா வாசிப்புப் பழக்கம் போய்விட்டதே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாள்! கேட்க நன்றாக இருக்கிறதா? சோறு கேட்ட பிள்ளையிடம் தட்டு அழுக்காகிவிடும் என்று யாராவது சொல்வார்களா? வீட்டுக்குள் வந்த புத்தகம் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும்தான். அதிலும் பிள்ளைகளுக்கு முதலில் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. நாளைக்கே அவள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

அவள் கேட்டது அந்த வயதுக்கு ஒவ்வாத கதை என்றால், அதை முகத்துக்கு நேரே காரணத்தோடு சொல்லிவிட்டு, அந்த நிமிஷமே வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. படித்து முடித்ததும் ‘என்ன கருத்து சொல்லுது’ என்று பரீட்சை வைக்காதீர்கள், அதோடு அடுத்த புத்தகம் கேட்க வரமாட்டாள். முடிந்தால் அவளைக் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள், அந்தக் காசு வீண்போக வேண்டாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனால் என்ன குறைந்துவிடும்?

50 என்ற கணக்குக்கு வருகிறேன். சாதாரண அளவுப் பக்கத்தில் இருநூறு சொச்சம் வார்த்தை இருக்கும். பழக்கம் விட்டவர்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். தினம் 20 நிமிஷம் என்றால் பத்துப் பக்கம். மாதத்தில் 25 நாள் கைகூடினால் 250, வருஷத்துக்கு 3,000. இருநூறு பக்கப் புத்தகமாக வைத்துக்கொண்டால் பதினைந்து வரும். 50 வேண்டுமென்றால் 10,000 பக்கம். உங்கள் வீட்டில் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? சபதம் எடுக்கும்போதே தோற்றாகிவிட்டது, டிசம்பரில்தான் தெரிந்தது.

அந்த 20 நிமிஷத்தைப் படுக்கையில் தேடாதீர்கள். படுத்தால் தூக்கம்தான் வரும், அதற்குத்தானே படுக்கை. மகள் வீட்டுப்பாடம் எழுதுகிற மேஜையில், அவளுக்கு எதிரே உட்காருங்கள். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும். ‘அர்த்தம் பார்க்க’ என்று எடுத்து வரக் கூடாது, அது அரை மணி நேரத்தை விழுங்கும். புரியாத வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்து அப்புறம் பாருங்கள். முதல் மாதம் சிறுகதைகள் மட்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம், உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். அடுத்த மாதம் 120 பக்கக் குறுநாவல். ஐந்து பாக சரித்திர நாவலைத் தூக்கிக்கொண்டு தொடங்குகிறவர்கள்தான் பிப்ரவரியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பாதியில் நிற்கிற ஒன்பதை மேஜையில் பரப்பி, அடையாளச் சீட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐம்பது பக்கத்துக்குள் நின்றிருந்தால் அது உங்களுக்கான புத்தகம் இல்லை, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நூறைத் தாண்டி நின்றிருந்தால் பிடித்துத்தான் படித்திருக்கிறீர்கள், நடுவில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்திருக்கும். பத்து நாள் இடைவெளி விட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்துபோகும், மறுபடி தொடங்கச் சலிப்பு தட்டும். ஒரு அத்தியாயம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். பெயர்களையும் முறையையும் ஒரு சீட்டில் எழுதி அட்டைக்குள் செருகிவைத்தால் இந்தத் தொல்லை வராது.

வருஷக் கணக்குக்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும். புத்தகத்துக்கு அரைப் பக்கம்: தொடங்கின தேதி, முடித்த அல்லது நிறுத்தின பக்கம், ஏன் நிறுத்தினீர்கள். அப்புறம் புத்தகத்தைத் திறக்காமல் அதைப் பற்றி மூன்று வரி. மூன்று வரி வராவிட்டால் பக்கம்தான் ஓடியிருக்கிறது. முடித்ததாகச் சொன்ன அந்த ஆறுக்கு இன்றைக்கே எழுதிப் பாருங்கள், எத்தனை தேறுகிறதென்று. ஸ்டேட்டஸில் அட்டைப் படம் போடுவது உங்கள் இஷ்டம், நோட்டில் எழுதின பிறகு போடுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை புத்தகம், எவ்வளவு ரூபாய், எத்தனை சதவீதத் தள்ளுபடி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் கேட்டது எந்தப் புத்தகம் என்று எழுதவில்லை. ஞாபகம் இருந்தால் ஷோகேஸைத் திறந்து அதை எடுத்து மேஜையில் வையுங்கள். இல்லையென்றால் இன்று ராத்திரி அவளிடமே கேளுங்கள்.